எட்ட நின்று காண்போம்

நாற்பது வயதைக் கடந்த ஓர் ஆசிரியனுக்கு என்னென்ன ஆசைகள் எழலாம் என்பதை ஊரார் ஒருவாறு வரையறுத்து வைத்திருக்கின்றனர். வீட்டுக்கு ஓடு போடலாம்; வளவைச் சுற்றி மதில் எழுப்பலாம்; மகளின் பெயரில் வங்கியிற் சிறிது பணம் இடலாம். இவற்றுள் எதுவுமன்றி, ஒரு சாண் நீளமும் ஒரு கிலோவுக்கு மேல் நிறையும் உடைய கண்ணாடிக் குழாய் ஒன்றின்மீது எமக்கு ஆசை பிறந்தபோது, எமது இல்லத்தாரும் அயலாரும் எம்மைச் சற்று வியப்புடன் நோக்கியதிற் பிழையில்லை. அவ்வாசை பிறந்த வரலாற்றையும், அது நிறைவேறிய விதத்தையும், அதனால் நாம் கற்ற பாடத்தையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் மல்லாவியில் வாழ்கிறோம். கல்லூரியிலே தமிழ் கற்பிக்கிறோம். எமது ஊருக்கு அண்மையிலே பாலியாற்றை மறித்துக் கட்டப்பட்ட பழம்பெருங் குளமாகிய வவுனிக்குளம் உள்ளது. நெடுங்காலம் காடு மூடிக் கிடந்த அக்குளம் 1950களில் திருத்தப்பட்டு, அதன் கீழ்க் குடியேற்றங்களும் வயல்களும் உண்டாயின. காலை வேளையிற் குளக்கட்டில் நின்று பார்த்தால், நீர் வற்றிய ஓரங்களில் நாரைகளும் கொக்குகளும் கரண்டிவாயன்களும் கூட்டங் கூட்டமாக நிற்பதைக் காணலாம்.

ஒருநாள் பத்தாந் தர வகுப்பிலே, சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விடுத்த வரலாற்றை எடுத்துரைத்துக் கொண்டிருந்தோம். நாரையின் அலகையும் காலையும் புலவர் எத்துணை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார் என்று நாம் வியந்து கூறிய வேளையிற் பின்வாங்கில் இருந்த மாணவன் எழுந்து, “சேர், எங்கட குளத்து நாரைக்கும் கால் சிவப்போ?” என்று கேட்டான்.

எளிய கேள்விதான். ஆயினும் எம்மிடம் விடை இல்லை. பிறந்தது முதல் அப்பறவைகளைப் பார்த்து வருகிறோம். ஆனால் அவற்றின் கால் என்ன நிறமென்று ஒருநாளும் பார்த்ததில்லை. எட்ட நிற்கும் வெள்ளைப் புள்ளிகளையே நாம் நாரை என்று அழைத்து வந்திருக்கிறோம். “நாளைக்குப் படம் எடுத்துக் காட்டுகிறோம்” என்று கூறி, அன்றைய பொழுதைச் சமாளித்தோம்.

எம்மிடம் பழைய கனன் கமரா ஒன்று இருந்தது. அதனுடன் வந்த வில்லை, 18 முதல் 55 மில்லிமீற்றர் வரையான குவியத் தூரம் உடையது. பரிசளிப்பு விழாவுக்கும் பிறந்தநாளுக்கும் அது போதும். மறுநாட் காலை குளக்கட்டிலே நின்று எடுத்த படத்திலோ, வானமும் நீரும் காடும் அழகாக விழுந்திருந்தன. நாரை மட்டும் சோற்றுப் பருக்கை போலத் தோன்றிற்று. அதனைக் கணினியிற் பெருப்பித்தபோது, பருக்கை கஞ்சியாயிற்று.

இவ்வளவில் நின்றிருக்கலாம். நாம் நிற்கவில்லை.

அவ்வாண்டு சித்திரை மாதம். காலபோக அறுவடை முடிந்து வெறுமையாகக் கிடந்த வயலொன்றில் ஆட்காட்டிப் பறவை முட்டையிட்டிருப்பதை ஒரு மாணவன் வந்து கூறினான். ஆட்காட்டி கூடு கட்டுவதில்லை. நிலத்திலே சிறு குழி பறித்து, மண்கட்டியின் நிறத்தில் நான்கு முட்டை இடும். அந்நிறமே அவற்றுக்குக் காவல். மற்றொரு காவல், தாய் தந்தையரின் குரல். மனிதனோ நாயோ அணுகினால் வானில் எழுந்து வட்டமிட்டு, ஊரே கேட்கக் கத்தும். ஆளைக் காட்டிக் கொடுப்பதால் அன்றோ அதற்கு அப்பெயர் வந்தது!

எமது வில்லையோ குட்டையானது. ஆகவே நாம் அணுகினோம். பத்து மீற்றர், பின்னர் ஐந்து, பின்னர் இரண்டு. தலைக்கு மேலே பறவைகள் இரண்டும் கதறின. “சற்றுப் பொறு, இதோ முடிந்துவிட்டது” என்று மனத்துக்குள் அவற்றிடம் கூறிக்கொண்டு, அரைமணி நேரம் அங்கேயே குந்தியிருந்து படம் எடுத்தோம். படம் நன்றாகவே வந்தது. வகுப்பிலே காட்டினோம், மாணவர் கைதட்டினர்.

மறுநாள் மாலை அவ்வழியாற் சென்றபோது குழி வெறுமையாகக் கிடந்தது. அருகே பாலை மரத்திற் காகங்கள் இருந்தன. முட்டைகளைக் காகம் கொண்டு சென்றதை நாம் கண்ணாற் காணவில்லை. எனினும், முதல் நாள் அரைமணி நேரம் அவ்விடத்தைக் காகத்துக்குச் சுட்டிக் காட்டியவர் யார் என்பது எமக்குத் தெரியும். அன்று உண்மையான ஆட்காட்டி நாமே.

இதனினும் பெரிய அடி ஒரு வாரத்தின் பின் விழுந்தது. நாரையின் காலைப் பற்றிக் கேட்ட அதே மாணவன், தந்தையின் கைப்பேசியை எம்மிடம் நீட்டினான். அதிலே காட்டோரத்தில் நிற்கும் கொம்பன் யானை ஒன்று திரை நிறைய இருந்தது. செவிகள் விரிந்திருந்தன. “நீங்கள் ஆட்காட்டிக்குக் கிட்டப் போன மாதிரி, நானும் கிட்டப் போய் எடுத்தனான், சேர்” என்றான்.

எமது கை நடுங்கிற்று. வன்னியில் வாழ்வோர்க்கு யானையைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. மாலையானதும் வயலோரத்தில் வெடிச் சத்தம் கேட்காத ஊர் இங்கே குறைவு. அதன் செவி விரிந்து நிற்பது எச்சரிக்கை என்பதும், ஓட்டத்திலே மனிதன் அதற்கு ஈடாகான் என்பதும் சிறுவரும் அறிந்தவை. அறிந்திருந்தும் அப்பிள்ளை சென்றான். ஏனெனில் அவனுடைய ஆசிரியர் ஒருவர், கிட்டப் போவதே படம் எடுக்கும் வழி என்று செய்து காட்டியிருந்தார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. கமராவை அலுமாரியிற் பூட்டி வைத்துவிடலாமா என்றும் எண்ணினோம். ஆயினும், பிள்ளைகளிடம் எழுந்த ஆவலை அத்துடன் பூட்டி வைக்க மனம் ஒப்பவில்லை. எட்ட நின்றே எடுக்கும் வழியை அவர்களுக்குக் காட்டவேண்டும் என்று முடிவு செய்தோம். தொலைநோக்கு வில்லையின்மீது எமக்குப் பிறந்த ஆசையின் வரலாறு இதுவே.

ஆசை இருந்தாற் போதாது, அறிவும் வேண்டும். தமிழாசிரியராகிய எமக்கு ஒளியியல் தொலைவு. எமது கல்லூரியின் விஞ்ஞான ஆசிரியரான நண்பர் ஒருவர், மாமரத்து நிழலிலே கரித்துண்டாற் சீமெந்துத் தரையிற் கோடுகள் இழுத்து விளக்கினார்.

குவியத் தூரம் நீண்டால் உருவம் பெரிதாகும். ஆனால் 400 மில்லிமீற்றர் குவியத் தூரத்துக்காக அவ்வளவு நீளக் குழாயைச் சுமக்க இயலுமா? முன்னே குவிவு வில்லைத் தொகுதியும், பின்னே குழிவு வில்லைத் தொகுதியும் வைத்தால், குழாய் குறுகும். குவியத் தூரம் நீண்டே இருக்கும். இவ்வுபாயத்தை 1891இல் இங்கிலாந்தின் டால்மேயர் என்பவர் புகைப்படத்துக்குப் பயன்படுத்திக் காப்புரிமை பெற்றார். குவியத் தூரத்தை வேண்டியவாறு கூட்டவும் குறைக்கவும் வல்ல ‘சூம்’ வில்லை, நிழற்படக் கமராவுக்கென 1959இல் ஜேர்மனியின் வொய்க்லாண்டர் நிறுவனத்தால் விற்பனைக்கு வந்தது. அதன் எல்லை 36 முதல் 82 மில்லிமீற்றர் வரையே. இன்று 600 மில்லிமீற்றர் வரை நீளும் சூம் வில்லையைத் தோளிற் போட்டுக்கொண்டு நடக்கலாம்.

“அப்படியாயின் எவ்வளவு நீளம் எமக்கு வேண்டும்?” என்று கேட்டோம். நண்பர் ஒரு கணக்குப் போட்டார். மாணவர்களுக்கு உதவுமாதலின் அதனை இங்கே தருகிறோம். பறவையின் உயரத்தைக் குவியத் தூரத்தாற் பெருக்கி, பறவை நிற்கும் தூரத்தால் வகுத்தால், கமராவின் உள்ளே விழும் உருவத்தின் உயரம் கிடைக்கும். நாரையின் உயரம் ஏறக்குறைய ஒரு மீற்றர்; நிற்கும் தூரம் 50 மீற்றர் எனக் கொள்வோம். எமது பழைய 55 மில்லிமீற்றர் வில்லையில் உருவம் 1.1 மில்லிமீற்றர் மட்டுமே. 250இல் 5 மில்லிமீற்றர், 400இல் 8, 600இல் 12. எமது கமராவின் ஒளி உணரித் தகட்டின் உயரமோ ஏறக்குறைய 15 மில்லிமீற்றர். எனவே 400இல் நாரை படத்தின் பாதி உயரத்தை நிரப்பும். காலின் நிறம் அறிய அது போதும்.

அடுத்தது ஒளி. குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வருவது துவார எண். எண் சிறிதானால் ஒளி மிகுதி. 2.8 என்னும் துவாரம், 5.6ஐ விட நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். விடியற்காலையிலும் அந்தி மயங்கும் வேளையிலும் விலங்குகளைப் படம் எடுக்க அது பெருந்துணை. ஆனால் 600 மில்லிமீற்றர் வில்லைக்குத் துவார எண் 4 வேண்டுமாயின், முன் கண்ணாடி குறைந்தது 150 மில்லிமீற்றர் அகலம் வேண்டும். கண்ணாடி அகன்றால் நிறையும் விலையும் அகலும். அவ்வகை வில்லை மூன்று கிலோவைத் தாண்டும். அதன் விலையோ எம்போன்றோர் மோட்டார் சைக்கிள் வாங்கும் விலையைத் தாண்டும். அதனைத் தொழிலாகக் கொண்டோருக்கே விட்டுவிடுதல் நன்று.

எமது தகுதிக்கு எட்டக்கூடியவை நான்கு வகை. முதலாவது, 55–250 மில்லிமீற்றர் போன்ற சிறிய வில்லை. கனனின் அவ்வகை வில்லை 375 கிராம் மட்டுமே, விலையும் குறைவு. மயிலுக்கும் குரங்குக்கும் கோயிற் கோபுரத்துக்கும் நன்று. குளத்து நடுவே நிற்கும் பறவைக்குப் போதாது. இரண்டாவது, 18 முதல் 400 வரை அனைத்தையும் ஒரே குழாயில் அடக்கிய பயண வில்லை. டாம்ரன் நிறுவனம் 2017இல் வெளியிட்ட அது 710 கிராம். வழியில் வில்லையை மாற்ற வேண்டியதில்லை. எனவே வன்னிச் செம்மண் தூசி கமராவின் உள்ளே புகும் அச்சம் குறைவு. ஆனால் எல்லா வேலையும் செய்பவன் எதிலும் தேர்ந்தவன் ஆவது அரிது. நீண்ட முனையிற் படத்தின் கூர்மை சற்றுத் தளரும்.

மூன்றாவது, 100–400. சிக்மா, டாம்ரன் ஆகிய இரு நிறுவனங்களும் 2017இல் வெளியிட்ட இவ்வகை வில்லைகள் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான நிறை உடையவை. கையிற் பிடித்தே எடுக்கலாம். தோட்பையில் வைத்துப் பேருந்திலும் செல்லலாம். நான்காவது, 150–600. சிக்மாவின் இலகுவான வகையே ஏறக்குறைய இரண்டு கிலோ. பறவைக்கு அதுவே சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் முக்காலியோ ஒற்றைக்காலியோ இன்றி நெடுநேரம் தாங்க இயலாது. 150இல் தொடங்குவதால் அருகே உள்ள கோயிலும் தேரும் அதனுள் அடங்கா.

மல்லாவியிலிருந்து மேற்கே சென்று, வெள்ளாங்குளத்தில் மன்னார் வீதியில் ஏறினால், மழைக்காலம் தொடங்கிய பின் பூநாரைகள் வந்திறங்கும் மன்னார்க் கடலேரிகளை அடையலாம். 2008இற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிற் சேர்ந்த வங்காலையும் அங்கேதான் உள்ளது. போகும் வழியில் திருக்கேதீச்சரத்தையும் தரிசிக்கலாம். இத்தகைய பயணத்துக்கு மோட்டார் சைக்கிளே எமது வாகனம். முதுகிலே கமராப் பையும் முன்னே மகளும் பின்னே துணைவியாரும் அமர்ந்து செல்பவனுக்கு, இரண்டு கிலோ வில்லை பொருந்தாது. ஆகவே 100–400 என முடிவு செய்தோம்.

வனவிலங்குப் படம் எடுப்போர் அனைவரும் அறிய வேண்டிய தமிழர் ஒருவரை இங்கே நினைவுகூர்தல் தகும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரான மா. கிருஷ்ணன் (1912–1996), தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். கல்கத்தாவின் ஸ்டேற்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் தாம் மறையும் வரை இடைவிடாது எழுதி வந்தார். யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் புகழ்பெற்றவை. அவருடைய கருவியோ கடையிற் பளபளக்கும் புதுக்கருவியன்று. வெவ்வேறு பகுதிகளைத் தாமே பொருத்தி உருவாக்கிய அக்கமராவுக்குச் ‘சூப்பர் பொண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் இட்டிருந்தார். விலங்கின் இயல்பை அறிந்து காத்திருக்கும் பொறுமையே அவருடைய மூலதனம். பெரிய வில்லை வாங்க வசதியில்லையே என்று ஏங்கும் மாணவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

பணத்தின் கதை தனிக்கதை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அதன் பின்னர் ஓரளவு இறங்கினாலும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. இறக்குமதிப் பொருளாகிய வில்லையின் விலையும் அத்துடன் ஏறிற்று. துணைவியாரிடம் விடயத்தைக் கூறினோம். அவர் அரிசி புடைத்துக்கொண்டே, “இஞ்சருங்கோ, வாங்கிறதெண்டா வாங்குங்கோ. அந்தப் பொடியனுக்கு ஒண்டு நடந்திருந்தா நாங்கள் எப்பிடித் தாங்கிறது? ஆனா பிள்ளையின்ரை படிப்புக் காசிலை மட்டும் கை வைக்கப்படாது” என்றார். சீட்டுக் காசு கைக்கு வரும் வரை ஏழு மாதம் காத்திருந்து, பாவித்த வில்லை ஒன்றைத் தேடத் தொடங்கினோம்.

இக்காலத்தில் உற்பத்தியாளர் கண்ணாடியற்ற புதுவகைக் கமராக்களுக்கே பெரும்பாலும் புதிய வில்லைகளை ஆக்குகின்றனர். அதனாற் பழைய வகை வில்லைகளைப் பலர் விற்கின்றனர். வாங்குவோருக்கு அது நன்மை. ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாகாது. நாம் முதலிற் பார்த்த வில்லை புதியது போலவே மின்னிற்று. நண்பர் அதன் ஒரு முனையிற் கைவிளக்கைப் பிடித்து, மறுமுனையால் நோக்கச் சொன்னார். உள்ளே சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள். அது பூஞ்சை. எமது நாட்டின் ஈரக் காற்றில், இருண்ட பையிற் பல மாதம் கிடந்த வில்லைக்கு வரும் நோய் அது. விற்றவரிடம் வணக்கம் கூறி எழுந்தோம்.

இரண்டாவது வில்லையை முறைப்படி சோதித்தோம். சூம் வளையம் இடையில் இறுகாமற் சுழல்கிறதா, கீழ்நோக்கிப் பிடித்தாற் குழாய் தானே வழுக்கி இறங்குகிறதா, கிட்டவும் எட்டவும் குவியம் விரைந்து பிடிக்கிறதா எனப் பார்த்தோம். பின்னர் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைத் தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டி, நேர் எதிரே நின்று படம் எடுத்தோம். நான்கு மூலைகளிலும் எழுத்து ஒரே அளவாகத் தெளிந்திருந்தது. ஒரு மூலை மட்டும் மங்கியிருந்தால், வில்லை எங்கேயோ விழுந்து உள்ளே சாய்ந்திருக்கிறது என்பது பொருள். ஞாயிற்று மலர் வாசிப்பதற்கு மட்டுமன்றி இதற்கும் உதவுமென்பதை ஆசிரியர் அறிந்தால் மகிழ்வார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும், காற்றுப் புகாத பிளாத்திக்குப் பெட்டியொன்றிற் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வைத்தோம். பூஞ்சைக்கு அதுவே எளிய காப்பு.

நீண்ட வில்லை கைக்கு வந்தவுடன் நல்ல படம் வந்துவிடும் என்று எண்ணினோம். முதல்நாள் எடுத்த நூறு படங்களிலே தொண்ணூறு கலங்கியிருந்தன. உருவம் பெரிதாகும்போது கையின் நடுக்கமும் பெரிதாகும் அன்றோ! எமது கமராவில் 400 மில்லிமீற்றர் வில்லை, பெரிய தகடு உடைய கமராவில் 640 மில்லிமீற்றர் தரும் காட்சியளவையே தரும். எனவே ஒரு செக்கனில் 640இல் ஒரு பங்கு, அல்லது அதனினும் விரைந்த வேகம் வேண்டும். பறக்கும் பறவைக்கு 1,600இல் ஒரு பங்காவது வேண்டும். வில்லையிலுள்ள அதிர்வுத் தணிப்பு எமது கை நடுக்கத்தைக் குறைக்கும். பறவையின் சிறகடிப்பை அது நிறுத்தாது.

மற்றொரு பாடமும் கிடைத்தது. காலை ஒன்பது மணிக்கு மேல் எடுத்த படங்கள் எல்லாம், நீரின் அடியிற் கிடப்பவை போல நெளிந்திருந்தன. வில்லை பழுதோ என்று அஞ்சினோம். பழுது வில்லையில் இல்லை. வெயிலிலே சூடேறி அலையும் காற்றில் இருந்தது. எத்தனை இலட்சம் கொடுத்து வாங்கிய வில்லையும் கானலை ஊடறுக்காது. விடியலில் எழுந்து செல்வதே அதற்கு மருந்து.

அவ்வாறு தை மாதத்து விடியலொன்றில் குளக்கட்டின் சரிவிலே படுத்தபடி, முழங்கைகளை மண்ணில் ஊன்றி எடுத்தோம். பனி விலகிற்று. மஞ்சள் மூக்கு நாரை ஒன்று நீரிலிருந்து ஒரு காலைத் தூக்கிச் சற்று நின்றது. கால் சிவப்பே! செம்பருத்திச் சிவப்பன்று, வெற்றிலை போட்ட வாயைக் கழுவிய பின் எஞ்சும் இளஞ்சிவப்பு. சிறகின் பின்னோரத்திலும் அதே வண்ணம். புலவர் பாடிய நாரை வேறு இனமென்று பறவை நூலார் வாதிடலாம். அது அவர்கள் பாடு. படத்தைப் பெரிதாக அச்சிட்டு வகுப்பறைச் சுவரிலே மாட்டினோம். கேட்ட மாணவன் நெடுநேரம் அதன் முன் நின்று, “குளத்திலை நிண்டது இவ்வளவு வடிவோ, சேர்?” என்றான்.

எட்ட நின்று எடுப்பது எப்போதும் நன்று என்ற செருக்கு எமக்கு அன்று உண்டாயிற்று. அதனை வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலிலே இழந்தோம்.

வைகாசிப் பொங்கலன்று, கூட்டத்துக்கு வெளியே நின்று, அதே வில்லையால் மூதாட்டி ஒருவரைப் படம் எடுத்தோம். பொங்கற் பானையின் புகைக்கு நடுவே கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். கமராத் திரையிற் படத்தைப் பெருப்பித்தபோது, அவருடைய கன்னத்திற் கண்ணீர் வழிந்திருப்பது தெரிந்தது. யாருமறியாமல் அவர் அம்மனிடம் கூறியதை, நாம் எழுபது அடிக்கு அப்பால் நின்று களவாடியது போல நெஞ்சு உறுத்திற்று. விலங்கிடம் எட்ட நிற்பது மரியாதை. மனிதரிடம் எட்ட நின்று ஒளிந்து எடுப்பது மரியாதையாகுமா? வன்னி மக்களின் அழுகையை, அவர்களிடம் ஒரு சொல்லும் கேளாமற் படம் எடுத்துச் சென்றோர் முன்னரும் பலர் உண்டு.

அருகே சென்று, வணங்கி, படத்தைக் காட்டினோம். வேண்டாமென்றால் அழித்துவிடுகிறோம் என்றோம். அவர் திரையை உற்றுப் பார்த்தார். “அழிக்காதையுங்கோ தம்பி. எனக்கும் ஒண்டு கழுவித் தாங்கோ. எங்கட படமெண்டு இப்ப ஒண்டும் இல்லை” என்றார்.

அச்சொல்லின் பொருளை எமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2008இல் மல்லாவியை விட்டு நாம் புறப்பட்டபோது, எமது தந்தையாரின் படமும் தாயாரின் மணக்கோலப் படமும் ஒரு துணிப்பையில் இருந்தன. 2009 மே மாதத்தில் எல்லாம் முடிந்து நாம் வெளியே வந்தபோது அப்பை எம்மிடம் இல்லை. தந்தையாரின் முகம் இன்று எமது நினைவில் மட்டுமே உள்ளது. மகளுக்கு அதுவும் இல்லை. மூதாட்டியின் முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டோம். படத்தை அச்சிட்டு, கண்ணாடிச் சட்டமிட்டு, நேரிற் கொண்டு சென்று கொடுத்தோம். அன்று முதல், மனிதரைப் படம் எடுக்க வேண்டுமாயின், நீண்ட வில்லையைக் கழற்றிவிட்டுப் பழைய குட்டை வில்லையைப் பூட்டிக்கொள்கிறோம். அது எம்மைக் கிட்டப் போகச் செய்கிறது. போனாற் பேசத்தான் வேண்டும்.

இந்த ஆண்டு சித்திரையில் அதே வயலில் மீண்டும் ஆட்காட்டி முட்டையிட்டது. இம்முறை அம்மாணவனையும் அழைத்துச் சென்றோம். மோட்டார் சைக்கிளைத் தொலைவில் நிறுத்திவிட்டு, வரம்போரத்துப் பற்றையின் மறைவில் அமர்ந்தோம். பறவை எழுந்து இரண்டு முறை கத்திற்று. பின்னர் இறங்கி, அங்குமிங்கும் நடந்து, எம்மை மறந்தது. இடையே முப்பது மீற்றர் இருக்கலாம். வில்லையால் நோக்கினோம். இன்னும் ஐந்தடி முன்னே சென்றால், கண்ணருகே உள்ள செந்நிறத் தசை மேலும் தெளியுமே என்று பழைய ஆசை தலைகாட்டிற்று. நாம் அரையாக எழுந்தோம்.

மாணவன் எமது சட்டையின் ஓரத்தைப் பிடித்தான். “வேண்டாம் சேர், இதிலையே இருப்பம்” என்று மெல்லக் கூறினான்.

இருந்தோம். ஆட்காட்டி முட்டைகளின்மேல் மெதுவாக அமர்ந்து, சிறகைத் தளர்த்திக் கண்ணைச் சிமிட்டிற்று. கமராவை அவனிடம் கொடுத்தோம். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு படம் எடுத்தான். நாம் எழுந்து திரும்பி வரும் வரையில் அப்பறவை ஒருமுறையேனும் கத்தவில்லை.